யந்திரத்தின் மூச்சு

சரித்திரப் புத்தகங்களில் படைகள் கிளப்பிய புழுதியைப் பற்றி நிறையப் படித்திருக்கிறோம். குதிரைகளின் குளம்படியில் எழுந்த புழுதி வானத்தை மறைத்தது, சூரியன் மங்கிப் போனான் என்றெல்லாம் ஆசிரியர்கள் வர்ணிப்பார்கள். அந்தப் புழுதியைச் சுவாசித்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதை மட்டும் எழுதி வைக்க மறந்துவிட்டார்கள். போர்க்களத்துப் புழுதிக்கே இந்தக் கதி என்றால், பட்டறையில் எழும் தூசியை யார் கவனிக்கப் போகிறார்கள்?

இருந்தாலும் பட்டறைத் தூசிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதில் அரசர்கள் இல்லை. ஆனால் மரணங்கள் உண்டு. பேராசை உண்டு, புத்திசாலித்தனம் உண்டு, பரிதாபமும் உண்டு. ஒரு நாவலுக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் இருக்கின்றன. அந்தச் சரித்திரத்தில் ஒரே ஒரு பாத்திரத்தை இன்று அறிமுகம் செய்யப் போகிறேன். அதன் பெயர் ஏர் பில்டர். காற்றை வடிகட்டும் கருவி.

"கதை எழுதுகிறவருக்கு இது எதற்கு?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். காப்பி வடிகட்டியைப் பற்றி எழுதினாலாவது படிக்கச் சுவையாக இருக்கும்! ஆனால் இந்தப் பாத்திரத்திடம் ஒரு விசேஷ குணம் இருக்கிறது. உலகத்தில் பெரும்பாலான பொருள்கள் அழுக்கானால், அவை தம் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம். பில்டர் அழுக்கானால்தான் அது வேலை செய்தது என்று அர்த்தம். உள்ளே போயிருக்க வேண்டிய அழுக்கைத் தன்மேல் வாங்கிக் கொண்டு, கடைசியில் குப்பைக் கூடைக்குப் போகிறது. மனிதர்களிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. அவர்களைப் பற்றியும் சொல்லத்தான் போகிறேன்.

தூசி கெடுதல் என்பது புதிதாகக் கண்டுபிடித்த உண்மை அல்ல. கி. பி. முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த மூத்த பிளினி, சிவப்புச் சாயப் பொடி தயாரிக்கும் தொழிலாளர்கள் முகத்தில் மிருகங்களின் சவ்வுப் பையைக் கட்டிக் கொண்டு வேலை செய்ததைத் தம் நூலில் குறித்திருக்கிறார். கி. பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது, புகையினாலும் சாம்பலினாலும் மூச்சுத் திணறி அவர் இறந்து போனார் என்று அவருடைய மருமகன் எழுதிய கடிதத்திலிருந்து தெரிகிறது. முகமூடியைப் பற்றி எழுதியவருக்கு முகமூடி கிடைக்கவில்லை.

பிறகு 1556-ல் ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலாவின் சுரங்க நூல் வெளிவந்தது. கார்ப்பேதியன் மலைச் சுரங்கங்களின் அருகே ஏழு கணவர்களை மணந்து, ஏழு பேரையும் க்ஷயத்துக்குப் பறிகொடுத்த பெண்கள் இருந்தார்கள் என்று அவர் எழுதுகிறார். அவர் சொல்வது ஒரே வாக்கியம். அந்த ஏழாவது கல்யாணத்தன்று அந்தப் பெண்ணின் மனம் எப்படி இருந்திருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. அதை நாம்தான் ஊகித்துக் கொள்ள வேண்டும்.

இனி இங்கிலாந்துக்குப் போவோம். கத்திக்கும் கத்தரிக்கும் பெயர்போன ஊர் ஷெபீல்ட். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், உலகத்தின் பல மூலைகளிலும் பெரிய மனிதர்கள் ஷெபீல்ட் கத்தியால் சவரம் செய்து கொண்டு, ஷெபீல்ட் முட்கரண்டியால் உணவருந்தினார்கள். அந்தக் கத்திக்கும் கரண்டிக்கும் பளபளப்புக் கொடுத்தவர்கள் சாணை பிடிப்பவர்கள். சுழலும் பெரிய மணற்கல்லுக்கு எதிரே, குதிரையின்மேல் உட்கார்வதுபோல் ஒரு மரப்பலகையின்மேல் உட்கார்ந்து, கல்லின்மேல் குனிந்து இரும்பை அழுத்திப் பிடிப்பார்கள். தீப்பொறி பறக்கும், தூசியும் பறக்கும். கத்தி தீட்டுகிறவர்கள் கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டினார்கள். முட்கரண்டிக்கோ உலர்ந்த கல். அதனால் அந்தத் தொழிலாளர்களுக்குத் தூசி அதிகம், ஆயுள் குறைவு.

அந்த ஊர் வைத்தியர் ஆர்னால்ட் நைட் என்பவர் கணக்கெடுத்தார். ஷெபீல்டில் சுமார் 2,500 சாணைக்காரர்கள். அவர்களில் முட்கரண்டி தீட்டுகிறவர்கள் சுமார் 150 பேர். இந்த 150 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் சிறுவர்கள். முட்கரண்டிக்காரர்கள் 28 வயதிலிருந்து 32 வயதுக்குள் இறந்தார்கள். தண்ணீர் விட்டுத் தீட்டுகிறவர்கள் நாற்பதைத் தாண்டினார்கள். இந்த விவரங்களை 1845-ல் எங்கெல்ஸ் தம்முடைய நூலில் எடுத்தாண்டிருக்கிறார். அதில் ஒரு விசித்திரமான செய்தியும் வருகிறது. குடித்துவிட்டு அடிக்கடி வேலைக்கு மட்டம் போட்ட சாணைக்காரன், ஒழுங்காக வேலைக்கு வந்தவனைக் காட்டிலும் அதிக நாள் உயிரோடு இருந்தானாம்! மதுவைவிட மூச்சு அதிக விஷமாக இருந்த ஊர் அது.

அந்த ஊரில் ஆபிரகாம் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். விஞ்ஞானத்தில் ஆசை உள்ளவர். இரும்புத் தூள்தானே பறக்கிறது, காந்தம் வைத்துப் பிடித்துவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1821-ல் காந்தங்கள் பொருத்திய ஒரு முகக் கவசத்தைச் செய்தார். இரும்புத் தூள் வாய்க்கும் மூக்குக்கும் போகாமல் காந்தத்தில் போய் ஒட்டிக் கொண்டது. அவ்வப்போது துடைத்துச் சுத்தம் செய்துவிட்டால் மறுபடியும் அணியலாம். லண்டனிலுள்ள கலைக் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்துக் கௌரவித்தது.

பதக்கம் வாத்தியார் வீட்டுக்குப் போயிற்று. காந்தம் சாணைக்காரர்களின் வீட்டுக்குப் போகவில்லை. அவர்கள் அதை அணிய மறுத்துவிட்டார்கள். தூசியை அகற்றும் வேறு சில ஏற்பாடுகளையும் உடைத்துப் போட்டார்கள் என்று தெரிகிறது.

என்ன பைத்தியக்காரத்தனம் என்று நமக்குத் தோன்றும். அவர்கள் கணக்கு வேறு. இந்தத் தொழிலில் சீக்கிரம் சாவு வருவதால்தான் போட்டி குறைவாக இருக்கிறது. போட்டி குறைவாக இருப்பதால்தான் கூலி சற்றுக் கூடுதலாகக் கிடைக்கிறது. தூசி போய்விட்டால் ஊரெல்லாம் சாணைக்கல்லுக்கு ஓடிவரும், கூலி விழுந்துவிடும், பிள்ளைகள் பட்டினி கிடப்பார்கள் என்று அவர்கள் பயந்தார்கள். தம்முடைய நுரையீரலைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுப் பிள்ளைகளுக்கு ரொட்டி வாங்கினார்கள். அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆபிரகாம் வாத்தியாருடைய கருவியில் ஒரு குறையும் இருந்தது. காந்தம் இரும்பைப் பிடிக்கும், மணலைப் பிடிக்காது. சாணைக்காரர்களின் நுரையீரலைக் கெடுத்தது பெரும்பாலும் மணற்கல்லிலிருந்து பறந்த சிலிக்காத் தூள். மனித மயிரின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள் அவை. மூக்கிலுள்ள ரோமங்களுக்கும் தொண்டைச் சளிக்கும் தப்பி, நுரையீரலின் கடைசிக் காற்றறை வரையில் போய்விடும். அங்கே காவல் இருக்கும் உயிரணுக்கள் அவற்றை விழுங்கும். விழுங்கிய அணு சாகும். அந்த இடத்தில் தழும்பு விழும். தழும்பு வளர வளர மூச்சு குறையும். சிலிக்கோசிஸ் என்று வைத்தியர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். விழுந்த தழும்பைப் போக்க மருந்து கிடையாது.

கண்ணுக்குத் தெரியாத இந்தத் தூசியை ஜனங்களின் கண்ணுக்குக் காட்டியவர் ஜான் டிண்டால். 1870-ம் வருஷம் ஜனவரி மாதம், லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் பெரிய மனிதர்கள் கூடியிருந்த சபையில், பலமான ஒளிக்கற்றை ஒன்றைக் காற்றில் பாய்ச்சினார். சுத்தமான காற்று என்று நினைத்த இடத்தில் தூசி மிதந்து கொண்டிருந்தது. அதே காற்றைப் பஞ்சின் வழியாக இழுத்துவிட்டால் ஒளிக்கற்றையில் தூசி தெரியவில்லை. தூசி நிறைந்த இடத்தில் வேலை செய்பவர்கள் பஞ்சு வைத்த முகமூடி அணியலாம் என்று அவர் யோசனை சொன்னார். அடுத்த ஆண்டு தீயணைப்புப் படையினருக்காகப் பஞ்சு, கிளிசரின், கரி மூன்றும் சேர்ந்த ஒரு சுவாசக் கருவியையும் அவர் விவரித்தார். சாணைப் பட்டறையில் தூசி அதிகமானால் இன்ஸ்பெக்டர் காற்றாடி வைக்கச் சொல்லலாம் என்று 1878-ல் இங்கிலாந்தில் சட்டமும் இருந்தது. ஆபிரகாமின் காந்தத்துக்கும் இந்தச் சட்டத்துக்கும் நடுவில் 57 வருஷம். முட்கரண்டிக்காரர்களில் இரண்டு தலைமுறை போய்விட்டது.

மனிதனுடைய மூச்சின் கதையை இங்கே சற்று நிறுத்தி வைப்போம். யந்திரமும் மூச்சு விடுகிறது. அதன் கதையையும் கேட்க வேண்டாமா?

ஒரு லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்கு எஞ்சின் சுமார் 9,000 லிட்டர் காற்றை இழுக்கிறது. ஓய்வாக இருக்கும் ஒரு மனிதன் ஒரு நாள் முழுவதும் சுவாசிக்கும் காற்றும் ஏறக்குறைய இவ்வளவுதான். காற்றோடு மணல் உள்ளே போனால் பிஸ்டனும் சிலிண்டரும் உப்புத் தாளால் தேய்த்ததுபோல் தேய்ந்து போகும். உழவு டிராக்டர் வந்த புதிதில் இந்தக் கஷ்டம் பெரிதாக இருந்தது. தன் சக்கரம் கிளப்பிய புழுதியைத் தானே விழுங்கி டிராக்டர் செத்துப் போயிற்று. 1915-ல் அமெரிக்காவில் பிராங்க் டொனால்ட்சன் என்ற டிராக்டர் வியாபாரி, கம்பிக் கூண்டும் துணியும் கொண்டு ஓர் எளிய பில்டரைச் செய்து காற்றுக் குழாயில் பொருத்தினார். டிராக்டர் பிழைத்தது. அதன் பிறகு எண்ணெய்க் கிண்ணத்தின்மேல் காற்றை மோதவிட்டுத் தூசியைப் படிய வைக்கும் பில்டர் வந்தது. பிறகு மடிப்பு மடிப்பான காகித பில்டர் வந்தது. காற்றை அமுக்கி வைக்கும் கம்ப்ரஸருக்கும் மூக்கில் பில்டர் வந்தது.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது, வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பறந்த ஸ்பிட்பயர் விமானங்களுக்கு முன்பக்கத்தின் அடியில் ஒரு பெரிய பில்டரை மாட்டினார்கள். அதனால் விமானத்தின் வேகம் குறைந்தது. உயிருக்கு உயிர் போட்டி நடக்கும் ஆகாயத்தில் வேகத்தை இழந்தாலும் பரவாயில்லை, எஞ்சினுக்குள் மணல் போகக் கூடாது என்று தீர்மானித்தார்கள். எகிப்தில் அபூகீர் என்ற இடத்திலிருந்த பழுது பார்க்கும் பட்டறையில், அதைவிடச் சிறிய பில்டர் ஒன்றைத் தாங்களே செய்து பொருத்திக் கொண்டார்கள்.

எஞ்சினுக்கு பில்டர் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கூலி குறைந்துவிடும் என்று எந்த டிராக்டரும் அதை மறுக்கவில்லை. இன்னின்ன இடைவெளியில் சுத்தம் செய்ய வேண்டும், இத்தனை மணி ஓடினதும் மாற்ற வேண்டும் என்று யந்திரத்தோடு வரும் புத்தகத்திலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள்.

இப்போது இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிராக்டருக்கு பில்டர் கிடைத்துப் பதினைந்து வருஷம் ஆன பிறகு, 1930-ல், அதே அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவில் காலி பிரிட்ஜ் என்ற ஊருக்குப் பக்கத்தில் மலையைக் குடைந்து ஒரு சுரங்கவழி தோண்டினார்கள். ஆற்றைத் திருப்பி மின்சாரம் எடுப்பதற்காக. மலையோ ஏறக்குறைய சுத்தமான சிலிக்கா. தண்ணீர் விட்டுத் துளையிட்டால் தூசி அடங்கும். ஆனால் வேலை மெதுவாகும். உலர்ந்தபடியே துளையிட்டார்கள். உள்ளே வேலை செய்தவர்களில் நாலில் மூன்று பங்கு நீக்ரோ மக்கள். சுரங்கத்திலிருந்து வெளியே வரும்போது கறுப்பர் யார், வெள்ளையர் யார் என்று தெரியாமல் எல்லோரும் வெள்ளையாக வந்தார்களாம். மேற்பார்வைக்கு வந்த எஞ்சினீயர்கள் முகமூடி அணிந்திருந்தார்கள், தொழிலாளிகளுக்கு அது கொடுக்கப்படவில்லை என்று பிற்பாடு சாட்சியம் சொன்னார்கள். 1936-ல் அமெரிக்கக் காங்கிரஸின் குழு விசாரித்தபோது 476 பேர் இறந்ததாகக் கணக்கு வந்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஆராய்ந்த ஒரு வைத்தியர் 764 பேர் என்று மதிப்பிட்டார். தூசிக்கான முகமூடிகளைச் சோதித்து அங்கீகரிக்கும் முறையை அமெரிக்கச் சுரங்க இலாகா 1934-ல்தான் வகுத்தது.

தூர தேசத்துக் கதை என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்ட முடியாது. 2001-ல் மூடப்பட்ட கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும் பகுதியினர் வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழர்கள். அங்கேயும் இதே வியாதி இருந்தது. தங்கத்தைக் கல்லிலிருந்து பிரித்து எடுத்தவர்களுக்குக் கல் நெஞ்சில் தங்கியது.

யந்திரத்துக்குச் சீக்கிரமும் மனிதனுக்குத் தாமதமாகவும் பில்டர் கிடைத்ததற்குக் காரணம் என்ன? யந்திரம் பணம் கொடுத்து வாங்கினது. அது கெட்டால் வாங்கினவருக்கு நஷ்டம். மனிதனை யாரும் விலை கொடுத்து வாங்கவில்லை. அவன் கெட்டால் வாசலில் வேறொருவன் காத்துக் கொண்டிருக்கிறான். எஞ்சினின் தேய்மானம் முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் ஏறுகிறது. நுரையீரலின் தேய்மானம் ஏறுவது அவன் மனைவியின் கணக்கில். இந்தப் பதிலைத் தவிர வேறொரு பதிலை நானும் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு சிறிய பவுண்டரிக்கு ஒரு முறை போயிருந்தேன். பம்பு உறைகள் வார்க்கிற இடம். வார்ப்பு அச்சுக்கு மணல், உதிர்த்த பிறகும் மணல், எங்கு பார்த்தாலும் கரிய மணல். கொட்டகையின் ஓரத்தில் ஒரு கம்ப்ரஸர் ஓடிக் கொண்டிருந்தது. மேஸ்திரி அதை நிறுத்தி, பில்டரைக் கழற்றி, பதினெட்டு பத்தொன்பது வயதுள்ள ஒரு பையனிடம் கொடுத்தார். தொழிலை நன்றாக அறிந்த மனிதர். ரொம்பப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

"கல்லுல போட்டு அடிக்கக் கூடாது தம்பி, மடிப்பு நெளிஞ்சு போகும். உள்ளேயிருந்து வெளியே பாத்துக் காத்தடிக்கோணும். வெளியேயிருந்து அடிச்சா அழுக்கு காகிதத்துக்குள்ள ஏறிக்கும். காத்தையும் மெதுவா வெச்சுக்கோ. அப்பறம் உள்ளே பல்பை விட்டுப் பாரு. ஊசிமுனை வெளிச்சம் தெரிஞ்சாலும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிரு."

"சரிங்கண்ணா."

மேஸ்திரி என் பக்கம் திரும்பி இன்னொரு ரகசியமும் சொன்னார். புத்தம் புதிய பில்டரைவிடச் சற்றே தூசி படிந்த பில்டர் நன்றாகப் பிடிக்குமாம். படிந்த தூசியே ஒரு சல்லடையாகிவிடுகிறது. ஆகையால் தினம் கழற்றிச் சுத்தம் செய்வதும் தப்பு. அடைத்துக் கொண்டு யந்திரம் திணறும் வரையில் விட்டு வைப்பதும் தப்பு. இதைக் கேட்டபோது அவர் மேல் எனக்கு மரியாதை உண்டாயிற்று.

பையன் காற்றுக் குழாயைத் திறந்தான். ஒரு மாதமாக யந்திரத்துக்குள் போகாமல் தடுக்கப்பட்ட தூசியெல்லாம் ஒரே விநாடியில் கரும்புகையாக எழுந்து அவன் முகத்தை மூடிற்று. அவன் கண்ணைச் சுருக்கிக் கொண்டு, மூக்கின்மேல் தோள் துண்டை இழுத்து விட்டுக் கொண்டான்.

"உன் மூக்குக்கு ஒண்ணும் தரலையாப்பா?" என்று கேட்டேன்.

"எனக்கென்னங்க சார், பழகிப் போச்சுங்க" என்று சிரித்தான்.

பக்கத்துச் சுவரில் ஓர் ஆணியில் முகமூடி ஒன்று தொங்கிக் கொண்டிருந்தது. அதன்மேல் தூசி. எத்தனை நாளாக அது அங்கே தொங்குகிறது, அதனுடைய பில்டரை எப்போது மாற்றினார்கள் என்று கேட்டபோது, மேஸ்திரிக்கு உடனே பதில் வரவில்லை. கம்ப்ரஸரின் பில்டரை மாற்றிய தேதியோ சுவரில் சாக்பீஸினால் எழுதியிருந்தது.

துண்டும் கைக்குட்டையும் இந்தத் தூசியைத் தடுக்காது. துணியின் இழைகளுக்கு நடுவில், நான் மேலே சொன்ன சிறிய துகள்கள் தாராளமாகப் புகுந்து போகும். முகத்தோடு இடைவெளியில்லாமல் பொருந்துகிற, இந்தத் தூசிக்கென்றே செய்த முகமூடி வேண்டும். அதற்கும் முன்னால், காற்றை ஊதித் தூசியைப் பறக்கவிடாமல், தூசியை உறிஞ்சிப் பைக்குள் அடைக்கும் யந்திரத்தினால் பில்டரைச் சுத்தம் செய்யலாம். ஈரப்படுத்த முடிந்த இடத்தில் ஈரப்படுத்தலாம். மலிவான பில்டரைச் சுத்தம் செய்யாமலே பையில் கட்டி எறிந்துவிட்டுப் புதிதை மாட்டலாம். இவை ஒன்றும் ரகசியங்கள் அல்ல. நம் நாட்டில் 1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டமே, தொழிலாளர்களுக்குத் தீங்கு செய்யும் தூசியைக் கிளம்பும் இடத்திலேயே இழுத்து அகற்ற வேண்டும் என்று பதினாலாவது பிரிவில் சொல்லிற்று. சிலிக்கோசிஸைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலிலும் சேர்த்தது. சட்டம் எழுதுவதற்குக் காகிதம் போதும். சாக்பீஸால் சுவரில் தேதி எழுதுவதற்கு ஒரு மனிதர் வேண்டும்.

இந்த விஷயம் பட்டறைக்காரர்களோடு முடிந்துவிடுவதும் இல்லை. புது வீடுகளில் சமையலறை மேடைக்குப் பளபளவென்று செயற்கைக் கல் போடுவது நாகரிகமாகிவிட்டது. அந்தக் கற்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சிலிக்கா உள்ளவை உண்டு. அதை அறுத்தவர்கள், மெருகு போட்டவர்கள், இள வயதிலேயே மூச்சுத் திணறி விழுந்ததைக் கண்ட ஆஸ்திரேலியா, 2024-ம் வருஷம் ஜூலை முதல் தேதியிலிருந்து அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. நாட்டுக் கருங்கல்லிலும் சிலிக்கா உண்டு, அளவுதான் குறைவு. வீட்டு வாசலில் உட்கார்ந்து கல் அறுக்கிறவரைப் பார்த்து, "தூசி உள்ளே வருகிறது" என்று ஜன்னலைச் சாத்திக் கொள்கிறோம். ஜன்னலைச் சாத்துவதும் ஒரு பில்டர்தான். அது நமக்காகப் போட்டுக் கொண்ட பில்டர். வெளியே இருப்பவருக்கு ஒரு வாளித் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, "கல்லை நனைத்து அறுங்கள்" என்று சொல்லலாம். நல்ல முகமூடி ஒன்று வாங்கிக் கொடுக்கலாம். கல்லுக்குக் கொடுக்கும் விலையில் அது ஒரு மூலைக்கும் காணாது.

ஷெபீல்ட் முட்கரண்டியால் உணவருந்திய பெரிய மனிதர்கள் கெட்டவர்கள் அல்லர். கரண்டி பளபளப்பாக இருந்தது. அவர்கள் அதற்கு மேல் ஒன்றும் கேட்டுக் கொள்ளவில்லை. நம் வீட்டிலும் பளபளப்பான சாமான்கள் நிறைய இருக்கின்றன. பளபளப்புக்காக உதிர்ந்த தூள் காற்றோடு போய்விடுவதில்லை. அது ஒரு பில்டரில் போய்ப் படிகிறது. காகிதத்தினால் ஆன பில்டராக இருந்தால் மாற்றிக் கொள்ளலாம். மனிதனுக்குள் இருக்கும் பில்டருக்கு மாற்றுச் சாமான் எந்தக் கடையிலும் விற்பதில்லை.